ஒரு பருவம், இரு சம்பியன்கள்: ஐரோப்பியக் கூடைப்பந்தாட்டமும் எமது வாசற்படியும்

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பாக் கண்டத்துக்குக் கூடைப்பந்தாட்டத்தில் இரண்டு சம்பியன்கள் இருந்தனர். பாரிஸ் நகரிலே மக்காபி தெல் அவிவ் கழகம் கிரேக்கத்தின் பனத்தினைக்கோஸ் கழகத்தை 81க்கு 67 என வென்று ஒரு கிண்ணத்தை உயர்த்தியது. அதற்குச் சில நாட்களின் முன்னர் இத்தாலியின் கிண்டர் பொலோஞா கழகம், ஸ்பெயினின் தௌ செராமிக்காவை ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரில் மூன்றுக்கு இரண்டு என வென்று இன்னொரு கிண்ணத்தை உயர்த்தியிருந்தது. இரு கழகங்களும் தாமே ஐரோப்பாவின் முதல்வர் என்றன. எது உண்மை என்பதைக் களத்தில் வைத்து அறிய எவராலும் முடியவில்லை. அவை இரு வேறு நிறுவனங்கள் நடத்திய இரு வேறு போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தன.

திருகோணமலை மாவட்டத்துக் கப்பல்துறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த கலைப்பீட மாணவர் ஒருவர், தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே பொலோஞாவைப் பற்றியும் தெல் அவிவைப் பற்றியும் எழுதவேண்டிய தேவை யாது என வினவுவோர் உளர். சங்க இலக்கியத்தில் விளையாட்டு என்று எழுதியிருக்கலாமே என்று அன்புடன் ஆலோசனை கூறியவரும் உளர். அவர்களுக்கு என் விடை இது: விடுதியில் இரவு தோறும் கைத்தொலைபேசியைச் சூழ்ந்திருந்து யூரோலீக் ஆட்டங்களைப் பார்க்கும் நண்பர் கூட்டத்திலே, அண்மைக் காலமாக ஒரு வாதம் வேரூன்றி வருகின்றது. “பாடசாலையும் கிராமத்துக் கழகமும் விளையாட்டை வளர்த்த காலம் முடிந்துவிட்டது. இனி விளையாட்டை முதலீட்டாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஐரோப்பாவே அவ்வாறு செய்துதான் உயர்ந்தது” என்பதே அவ்வாதம். ஐரோப்பா அவ்வாறு செய்து உயரவில்லை. உயர்ந்த பின்னரே அவ்வாறு செய்தது. முன்பின்னாக மாற்றிச் சொல்லப்படும் இவ்வரலாறு நாளை எமது மாவட்டத்துப் பிள்ளைகளின் தலையில் வந்து விடியும் என்பதாலேயே இதனை எழுத நேர்ந்தது.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால், பனிக்காலத்தில் மாணவரைக் கட்டிடத்துள் வைத்து ஆடச் செய்வதற்காக உருவாக்கப்பட்டது. பீச்சுப் பழம் நிறைக்கும் இரண்டு கூடைகளும் ஒரு பந்துமே அன்றைய மூலதனம். ஐரோப்பாவிலே கழகங்களுக்கிடையிலான சம்பியன் கிண்ணம் 1958இல் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளும் அதனை வென்றது லத்வியாவின் ஏ.எஸ்.கே. ரீகா. சோவியத் ஒன்றியத்தின் கழகம் என்பதனால், பிராங்கோவின் ஆட்சி றியல் மட்றிட் கழகத்தை அதனோடு மோத விடவில்லை. அந்த முதலாம் ஆண்டு அரையிறுதி ஆட்டமே நடைபெறவில்லை. அரசியல் கலவாத விளையாட்டு என்று ஒன்று அன்றும் இருக்கவில்லை. அதனை எதிர்பார்ப்பவரோடு எனக்கு வழக்கில்லை. நான் கேட்பது, அந்த அரசியல் யாருடையது என்பதே.

அக்கிண்ணத்தின் வரலாற்றிலே எனக்கு நெருக்கமான பக்கங்கள் சில உண்டு. முதலாவது லிதுவேனியாவின் கௌனஸ் நகரத்துக் கழகமாகிய ஷல்கிரிஸ். 1410ஆம் ஆண்டில் தியூத்தன் படையை முறியடித்த போரின் பெயரையே அக்கழகம் தாங்கியிருக்கின்றது. நாற்பது இலட்சம் மக்களும் இல்லாத அந்நாடு சோவியத் ஆட்சிக்குள் இருந்தபோது, தன் மொழியையும் கொடியையும் வெளிப்படையாக உயர்த்த இயலாத மக்கள், 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளில் மொஸ்கோவின் இராணுவக் கழகத்தை வென்று ஒன்றியத்தின் சம்பியனான இக்கழகத்தின் வழியாகவே மூச்சு விட்டனர். சபோனிஸ் என்னும் நெடியோன் பந்தை எடுத்தபொழுதெல்லாம் எழுந்த ஆரவாரம் வெறும் விளையாட்டு ஆரவாரம் அன்று. விடுதலை பெற்ற பின்னர் 1999இல் அதே கழகம் கிண்டர் பொலோஞாவை 82க்கு 74 என வென்று ஐரோப்பிய சம்பியனாயிற்று. சிறிய மொழியொன்றைப் பேசும் மக்கள் கூட்டத்துக்கு ஒரு கழகம் என்ன பொருளைத் தரக்கூடும் என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பக்கம் இதனினும் உருக்கமானது. 1991–92 பருவத்தில் யூகோஸ்லாவியா பிளந்து போர் மூண்டிருந்தது. பெல்கிறேட்டின் பார்ட்டிசான் கழகத்துக்குத் தன் சொந்த ஊரிலே ஆட அனுமதியில்லை. ஸ்பெயினின் தலைநகருக்கு அருகேயுள்ள பூவென்லபிராடா என்னும் தொழிலாளர் நகரம் அவர்களுக்கு இடங்கொடுத்தது. தம் ‘சொந்தக் கள’ ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் அங்கேயே ஆடினர். குரோவாசியாவின் ஸ்பிளிட், சாக்ரெப் நகரக் கழகங்களுக்கும் அப்பருவத்தில் ஸ்பெயின் நகரங்களே தற்காலிகத் தாயகமாயின. ஒருவரோடொருவர் போரிட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே அந்நிய நாட்டில் தஞ்சமடைந்து பந்தாடினர். பார்ட்டிசானின் பயிற்றுநர் ஒப்ராடோவிச் அதற்கு முந்திய ஆண்டு வரை வீரராக இருந்தவர். அது அவருடைய முதற் பயிற்றுப் பருவம். இஸ்தான்புல் நகரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் படலோனா நகரத்து யுவென்துட் கழகம் இரண்டு புள்ளிகளால் முன்னிலை வகிக்க, கடைசி நொடிகளில் ஜோர்ஜெவிச் களத்தின் நீளத்துக்கு ஓடி எய்த மூன்று புள்ளிப் பந்து கூடையில் வீழ்ந்தது. 71க்கு 70. அடுத்த ஆண்டு அக்கிண்ணத்தைக் காக்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் தடை குறுக்கே நின்றது. இடம்பெயர்வு என்னும் சொல்லைப் பேச்சு வழக்கில் கற்ற எம் தலைமுறை, அகராதியைப் புரட்டாமலே இப்பருவத்தைப் படித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு கணக்கினை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1979 முதல் 1992 வரையான 14 பருவங்களில் 7 பருவங்களின் கிண்ணம் யூகோஸ்லாவியக் கழகங்களுக்கே சென்றது. சரயேவோவின் பொஸ்னா ஒரு முறை, சாக்ரெப்பின் சிபோனா இரு முறை, ஸ்பிளிட் மூன்று முறை, பார்ட்டிசான் ஒரு முறை. இவற்றுள் எதுவும் பெருஞ்செல்வர் விலைக்கு வாங்கிய கழகமன்று. நகரத்துச் சிறுவர்களைப் பத்துப் பன்னிரண்டு வயதிலே சேர்த்து, பாடசாலைக் களங்களிலும் தெருவோரக் களங்களிலும் பயிற்றி, அவர்களையே முதல் அணிக்கு ஏற்றிய கழகங்கள் அவை. குக்கோச்சும் ராஜாவும் ஸ்பிளிட்டின் சொந்தப் பிள்ளைகள்.

இனி 2000ஆம் ஆண்டுக்கு வருவோம். அதுவரை சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமே இப்போட்டியை நடத்தி வந்தது. தொலைக்காட்சி வருமானம் பெருகிவந்த காலம் அது. ஆடுவது கழகம், செலவு செய்வது கழகம், அரங்கை நிரப்புவது கழகம்; கணக்கை மட்டும் சம்மேளனம் வைத்திருந்தது. ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளின் லீக்குகள் 1991இல் அமைத்திருந்த ஒன்றியத்தின் துணையோடு, பெருங்கழகங்கள் பல 2000இல் வெளியேறித் தமக்கெனப் புதிய போட்டியைத் தொடங்கின. அதற்கு யூரோலீக் என்றே பெயரும் சூட்டின. பல ஆண்டுகளாகத் தான் பயன்படுத்தி வந்த அப்பெயரைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ளச் சம்மேளனம் மறந்திருந்தது! தன் பெயரையே இழந்த சம்மேளனம் தன் போட்டிக்கு சுப்ரோலீக் என்று புதுப்பெயர் தேடிக்கொண்டது. (வீட்டுக்காரன் உறுதி எழுதாது விட்ட காணியில் குடியிருந்தவன் வேலி போட்டதைப் போன்றதே இது. எமது மாவட்டத்தில் இதற்கு உதாரணம் காட்ட வேண்டுமா?) பனத்தினைக்கோஸ், மக்காபி, மொஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. ஆகியன 20 கழகங்களோடு சம்மேளனத்தின் பக்கம் நின்றன. றியல் மட்றிட், பார்சிலோனா, ஒலிம்பியாக்கோஸ், பொலோஞாவின் இரு கழகங்கள் முதலியன 24 கழகங்களாகப் புதிய பக்கம் நின்றன.

இக்கிளர்ச்சியை நான் குறைகூற மாட்டேன். உழைப்பவன் கூலி கேட்டது அது. சம்மேளனத்தின் மேசையிலே இருந்தோர் விளையாட்டின் தூய்மையைப் பற்றிப் பேசியதெல்லாம், தம் மேசையைக் காப்பதற்காகவே. அக்காலக் கழகங்களின் பணப்பை எத்துணை மெலிந்திருந்தது என்பதற்குப் பிரான்சின் லிமோஜ் கழகம் சான்று. 1993இல் ஐரோப்பிய சம்பியனாகிய அக்கழகம், 2000இல் பிரான்சிய லீக்கையும் தன் நாட்டுக் கிண்ணத்தையும் கோராச் கிண்ணத்தையும் ஒருசேர வென்றுவிட்டு, அதே ஆண்டிற் கடன் காரணமாகக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. வென்றும் பட்டினி கிடக்கும் நிலையிலிருந்து கழகங்கள் எழுந்து நின்றது நியாயமே. ஓராண்டு அனுபவித்த குழப்பத்தின் பின் இரு தரப்பும் இணங்கின. 2001–02இல் 32 கழகங்களோடு ஒரே போட்டி நடைபெற்றது. பனத்தினைக்கோஸ் பொலோஞாவிலேயே, கிண்டர் கழகத்தை அதன் சொந்த நகரில் வைத்து, 89க்கு 83 என வென்றது. முந்திய ஆண்டு விடைபெறாதிருந்த வினாவுக்கு ஓரளவு விடை கிடைத்தது.

என் வழக்கு அதன் பிறகு நடந்தவற்றோடுதான். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள், வந்ததும் அக்கதவைச் செப்பனிட்டுத் தாழ்ப்பாள் போட்டனர். நீண்டகால உரிமம் என்பதே அத்தாழ்ப்பாளின் பெயர். முன்னர் ஒரு நாட்டின் சம்பியன் எவரோ அவரே ஐரோப்பாவுக்குச் செல்வார். இவ்வாண்டு வென்றவர் அடுத்த ஆண்டு ஆடுவார். தோற்றவர் வீட்டிலிருந்து பார்ப்பார். நீண்டகால உரிமத்தின் கீழோ, ஒரு கழகம் தன் நாட்டு லீக்கில் எத்தனையாவது இடத்தைப் பெற்றாலும் ஐரோப்பாவில் அதன் நாற்காலி அசையாது. 2015இல் ஓர் உலகளாவிய விளம்பர நிறுவனத்தோடு பத்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன் உறுதிப்படுத்தப்பட்ட தொகை 63 கோடி யூரோ எனப்பட்டது. 2016–17 பருவத்தில் போட்டி 16 கழகங்களாகச் சுருங்கியது. அவற்றுள் 11 கழகங்கள் நீண்டகால உரிமம் உடையவை.

அப்பதினொன்றின் பட்டியலை ஒருவர் எடுத்துப் பார்க்கட்டும். ஸ்பெயினிலிருந்து மூன்று, துருக்கியிலிருந்து இரண்டு, கிரேக்கத்திலிருந்து இரண்டு, இத்தாலி, ரஷ்யா, இஸ்ரேல், லிதுவேனியா ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று. 14 பருவங்களில் 7 கிண்ணங்களை வென்ற அந்த மண்ணிலிருந்து ஒரு கழகத்தின் பெயரேனும் அதில் இல்லை. சரயேவோ இல்லை, சாக்ரெப் இல்லை, ஸ்பிளிட் இல்லை, பார்ட்டிசானும் இல்லை. பார்ட்டிசானிடம் ஒரு புள்ளியால் தோற்று, இரண்டாண்டுகளின் பின் அதே ஒப்ராடோவிச்சைத் தன் பயிற்றுநராக்கிக்கொண்டு 1994இல் கிண்ணத்தை வென்ற யுவென்துட்டும் இல்லை. ஒப்ராடோவிச் மட்டும் ஐந்து கழகங்களோடு ஒன்பது முறை அக்கிண்ணத்தை உயர்த்தினார். அறிவு சந்தைக்குப் போயிற்று. அறிவை விளைத்த நிலம் தரிசாகியது. இதனை இயற்கையின் நியதி என்று என் நண்பர் கூறுகின்றார். உரிமம் எழுதியவர் இயற்கை அல்லர். அவர் கையொப்பமிட்ட பேனாவைக் காட்டலாம்.

ஷல்கிரிஸ் அப்பட்டியலில் இருக்கின்றதே என்பர். ஆம், இருக்கின்றது, எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் வாயிற்காவலன் எம்மவருள் ஒருவரை உள்ளே விட்டதனால் வாயில் திறந்திருக்கின்றது என்று நாம் கூறுவதில்லை.

உரிமம் நிலைத்த தன்மையைத் தரும் என்பது எதிர்த்தரப்பின் வலிய வாதம். நிலையான வருமானம் இன்றேல் ஒரு கழகம் இளைஞர் பயிற்சிக்கு எவ்வாறு பணம் ஒதுக்கும் என்பர். இதில் உண்மையின் ஒரு கூறு உண்டென்பதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் நிலைத்தன்மை தாழ்ப்பாளிலிருந்து வருவதில்லை. 2001இன் சம்பியனாகிய பொலோஞாக் கழகத்தையே நோக்குக. அவ்வாண்டு இத்தாலிய லீக், இத்தாலியக் கிண்ணம், யூரோலீக் ஆகிய மூன்றையும் வென்ற கழகம் அது. மெசினா அதன் பயிற்றுநர். ஆர்ஜென்ரீனாவின் ஜினோபிலி அதன் நாயகன். 2003இல் அதே கழகம் பணச் சிக்கலினால் இத்தாலியின் முதற் பிரிவிலிருந்தே விலக்கப்பட்டது. அதனை வீழ்த்தியது களத்துத் தோல்வியன்று, உரிமையாளரின் கணக்குப் புத்தகம். மறுபுறம், உரிமம் பெற்ற சி.எஸ்.கே.ஏ.யின் நாற்காலி 2022இல் உக்ரேன் போரை அடுத்து ஒரே முடிவினாற் காலியாயிற்று. அம்முடிவு சரியா பிழையா என்பது வேறு வினா. நிலையானது என்று எழுதிக்கொடுக்கப்பட்டதும் நிலைக்கவில்லை என்பதையே இங்கு காட்ட விரும்புகின்றேன்.

தாழ்ப்பாளிட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஒரு சான்று கூறுவேன். இரண்டாந்தரப் போட்டியாகிய யூரோகப் கிண்ணத்தை வெல்லும் கழகத்துக்கு யூரோலீக்கில் இடம் என்றொரு சிறிய சாளரம் விடப்பட்டிருந்தது. 2021இல் அதன் வழியே மொனாக்கோ வந்தது. 2024இல் அதே வழியே, 2018இல்தான் தோன்றிய பாரிஸ் கழகம் வந்தது. 2025இல் பாரிஸ் இறுதி எண்மருள் நின்றது. மொனாக்கோ இறுதியாட்டத்திலேயே நின்று பெனர்பாச்சேயிடம் 81க்கு 70 எனத் தோற்றது. மொனாக்கோ ஏழைக் கழகம் அன்று என்பதை அறிவேன். ஆனால் அது வென்று வந்த கழகம். சாளரம் அளவேயான ஒரு திறப்பு இத்துணை காற்றைக் கொணருமாயின், கதவைத் திறந்தால் என்னவாகும் என்பதைத் தாழ்ப்பாளின் ஆதரவாளர் விளக்கட்டும்.

அந்த 2025 இறுதியாட்டம் நடைபெற்றது அபுதாபியில். ஐரோப்பாவின் கிண்ணம், துருக்கியின் கழகம், மொனாக்கோவின் கழகம், அரபு மண்ணின் அரங்கம். அடுத்த பருவத்தில் போட்டி 20 கழகங்களாக விரிந்தபோது, 2023இல் உருவாகிய துபாய்க் கழகத்துக்கும் இடம் கிடைத்தது. வென்ற கிண்ணம் ஒன்றேனும் இல்லாத கழகத்துக்கு நாற்காலி இருந்தது, பொஸ்னாவுக்கு இல்லை. அங்கு கட்டிடத் தொழில் புரியும் என் சித்தப்பா, நெடுஞ்சாலை ஓரத்தில் அக்கழகத்தின் விளம்பரப் பலகையைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். நான் கூடைப்பந்துப் பைத்தியம் என்பது அவருக்குத் தெரியும். படத்தின் கீழே ஒரே ஒரு வரி: “தம்பியவை எந்த ஊர்ப் பிள்ளையள்?” ஆசிய மண்ணில் ஒரு கழகம் எழுந்ததையிட்டு நான் மகிழவேண்டும் என்று நண்பர் வாதிட்டார். அம்மண்ணிற் கல் சுமக்கும் எம்மவரின் பிள்ளையொன்று அக்கழகத்தின் இளையோர் அணியில் எந்நாளாவது ஆடுமா என்று நான் கேட்டேன். உரையாடல் தேநீருக்குத் திரும்பியது.

எமது நாட்டுக்கு வருவோம். கூடைப்பந்திலே இவ்வகை லீக் எமக்கு இல்லை. ஆனால் கிரிக்கெட்டில் முன்மாதிரி வந்துவிட்டது. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கிலே கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகள். கிழக்கு மாகாணத்தின் பெயரில் ஓர் அணியும் இல்லை. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு முறை சம்பியனாயிற்று. முதலாண்டில் ‘ஸ்டாலியன்ஸ்’ என்றும் பின்னர் ‘கிங்ஸ்’ என்றும் அதன் பெயர் மாறியது; உரிமையாளர் மாறினால் பெயர் மாறும். அந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாணத்து மண்ணிலே ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எவரும் பயன்பெறவில்லை என்று நான் கூறமாட்டேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் அவ்வணியின் மூலமே வெளியுலகுக்குத் தெரிந்து, 2024இல் ஐதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் பந்துவீசினார். அவரைக் கண்டு நானும் கைதட்டினேன். ஆயினும் அவரை ஆக்கியது மத்திய கல்லூரியின் மைதானமா, அணியை வாங்கியவரின் காசோலையா? அம்மைதானத்திலே வெயிலில் நின்ற ஆசிரியர்களுக்கு லீக்கிலிருந்து என்ன சென்றது? 2024இலே தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டிற் கைதாகி, அவருடைய உரிமம் நீக்கப்பட்டு, வேறொருவர் வேறொரு பெயரோடு அவ்வணியை எடுத்துக்கொண்டார். தம்புள்ளை மக்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் அவ்வணியின் உறுப்பினரும் அல்லர்.

கழகத்துக்கும் கடைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. கழகத்துக்கு உறுப்பினர் உண்டு. கடைக்கு வாடிக்கையாளர் மட்டுமே உண்டு. எமது மாவட்டத்திலே மாலை வேளைகளில் மக்கெய்சர் அரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் கால்பந்து ஆடும் கழகங்களின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் என் நண்பர் சிரிப்பார். சந்தாப் பணமும், வெளிநாட்டிலிருந்து யாரோ ஓர் அண்ணன் அனுப்பிய சீருடைக் காசும், ஒரு சாவீட்டுக்குக் கூடாரம் கட்டிய செலவும் அதில் ஒரே பக்கத்திற் கிடக்கும். அச்சாவீட்டுக் கூடாரம் விளையாட்டுக்குப் புறம்பான செலவு என்பவருக்குக் கழகம் என்றால் என்னவென்று தெரியாது.

கூடைப்பந்தின் தங்கையாகிய வலைப்பந்திலே எமக்கு ஓர் அரிய சான்று உண்டு. தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாண மாவட்டத்திற் பிறந்தவர். உலகத்து வலைப்பந்து வீராங்கனைகளுள் மிக உயரமானவர் என அறியப்பட்டவர். 2009இலும் 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளின் தூணாக விளங்கியவர். போர்க்கால வடக்கில் வளர்ந்த அந்தத் தமிழ்ப் பெண்ணின் கைகளை நம்பியே முழு நாடும் ஆசியாவின் முதலிடத்துக்குப் பந்தை எறிந்தது. அவருக்குத் தொழில்முறைக் கழகமொன்றில் ஆடும் வாய்ப்பு இந்நாட்டில் இருக்கவில்லை. அதற்கு ஆஸ்திரேலியாவுக்கே செல்லவேண்டியிருந்தது. இதனைக் காட்டி, “ஆகவேதான் உரிமையாளர் லீக் வேண்டும்” என்பார் நண்பர். நானோ இதனையே மறுதலையாக வாசிக்கின்றேன். எந்த உரிமையாளரும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு களமும் ஒரு வளையமும் அவருக்கு எட்டின. அதன் பின்னரே உலகம் அவரைக் கண்டது. அவ்வளையம் இல்லாத ஊரிலே அவரைப் போன்ற எத்தனை பேர், உயரமாக இருக்கின்றாள் என்ற கேலியை மட்டுமே பெற்று, முதுகைக் கூனிக்கொண்டு நடந்திருப்பர்!

கடலுக்கப்பாற் சென்னையிலே வேறொரு வழி இருந்தது. 1920இல் ஹரி குறோ பக் நிறுவிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இவ்வகை ஆட்டங்களைத் தென்னாட்டில் வேரூன்றச் செய்தது. தெற்கு ரயில்வேயும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் கூடைப்பந்து வீரருக்கு வேலை கொடுத்து அணிகளை வைத்திருந்தன. அனிதா பால்துரை போன்ற ஒருவர் பத்தொன்பது வயதிலே இந்திய அணியின் தலைவியாகி, 2021இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றமைக்கு இத்தகைய மண்ணே பின்னணி. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் விளம்பரப் பலகைக்கு உகந்தவை அல்லவென்பது உண்மையே. ஆயினும் முழங்கால் முறிந்த வீரருக்கு அடுத்த மாத அரிசி வருவது அவற்றிலிருந்துதான். எமது நாட்டின் துறைமுக அதிகார சபைக்கும் வங்கிகளுக்கும் இவ்வழி தெரியாததன்று. கிழக்கில், ஒரு மாவட்ட அணிக்கேனும், அவை இதனைச் செய்யட்டும்.

என் ஊரின் பெயரிலேயே துறை இருக்கின்றது. எமது துறைமுகத்தின் ஆழத்தை அறிந்து போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பிரான்சியர் வந்தனர், ஆங்கிலேயர் வந்து 1957 வரை கடற்படைத் தளம் வைத்திருந்தனர். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகள் 99ஐயும் 2022 ஜனவரியிலே 14, 24, 61 எனப் பங்கிட்டு ஐம்பது ஆண்டு உரிமம் எழுதினர். அப்பேச்சுவார்த்தை மேசையில் திருகோணமலைக்கென்று ஒரு நாற்காலி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. நீண்டகால உரிமம் என்ற சொற்றொடரை மட்றிட்டிலோ மிலானிலோ கேட்பவருக்கு அது வணிகச் சொல். துறைமுகத்தருகே வளர்ந்தவரின் செவியில் அது வேறு விதமாக ஒலிக்கும். ஆகவேதான் யூரோலீக்கின் பட்டியலைக் கண்டபோது நண்பருக்கு எழாத சினம் எனக்கு எழுந்தது.

நாளை இந்நாட்டில் ஒரு கூடைப்பந்து லீக் தோன்றலாம். தோன்றினால் நான் எதிர்க்கப்போவதில்லை. முதலீட்டாளர் பணத்தைப் போடட்டும், இலாபமும் எடுக்கட்டும். ஆனால் அதில் ஓர் இடமாவது ஆண்டுதோறும் திறந்திருத்தல் வேண்டும்; மாவட்டங்களின் போட்டியில் வென்ற கழகம், எக்கழகமாயினும், அடுத்த பருவம் அவ்விடத்தில் ஆடுதல் வேண்டும். கடைசியில் நிற்பது கொழும்பின் கழகமேயாயினும் இறங்குதல் வேண்டும். தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கு, வீரரை வளர்த்த பாடசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பேனாவோடு உட்காரும் முதல் நாளிலேயே இவை எழுதப்படாவிடில், பின்னர் ஒருநாளும் எழுதப்படா. உள்ளே அமர்ந்தவர் தம் நாற்காலியைத் தாமே காலிசெய்த வரலாறு ஐரோப்பாவிலும் இல்லை.

நான் படித்த பாடசாலையிலே ஒரு கூடைப்பந்துக் களம் இருந்தது, பெயர் வேண்டாம். ஒரு பக்கத்து வளையம் மட்டுமே எஞ்சியிருந்தது, அதிலும் வலை இல்லை. சீமெந்துத் தரை நடுவே வெடித்து, அறுவடைக் காலத்தில் நெல் காயவிடும் இடமாக இருந்தது. நெல் அள்ளிய பின் தரையிற் கிடக்கும் உமியிலே கால் வழுக்கும்; ஆகையால் எமக்கு வலப்புறமாகத் திரும்பிப் பாயவே வராது. இப்போதும் வராது. சென்ற விடுமுறையில் அங்கு சென்றபோது ஐந்தாறு சிறுமியர் அந்த ஒற்றை வளையத்துக்கே பந்தெறிந்துகொண்டிருந்தனர். வெடிப்பின் இருபுறமும் சுண்ணாம்பினால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். வெடிப்பில் மிதித்தவர் வெளியே, அடுத்தவர் உள்ளே வரலாம் என்றாள் ஒருத்தி. மதிலோரத்தில் மூன்று பேர் தம் முறைக்காக வரிசையில் நின்றனர்.